மிளகு வாசம் தெரிந்த மூக்கு

மட்டாஞ்சேரியில் நான் மூட்டை தூக்கிய மிளகுக் கிடங்கின் பாதியைக் காக்கநாட்டுக் கம்பெனி ஒன்று வாடகைக்கு எடுத்தது. விண்வெளியில் ஆட்கள் தங்கும் வீட்டின் மாதிரியை, பெரிய பலூன்போல அங்கே கட்டி, காற்றுப் புகாமல் மூடி, ஒரு எஞ்சினியரை உள்ளே குடிவைத்தார்கள். மாதம் முழுவதும் கதவு திறக்காமல் இருந்தால் வெளிநாட்டு ஆர்டர் கிடைக்கும்.

அவருக்கு நீண்ட மூக்கு. காலையில் என்னைக் கண்டதும் வட்ட ஜன்னல் கண்ணாடியில் அதை நசுக்கி வணக்கம் வைப்பார். "என் பங்கு சாயாவையும் நீங்களே குடிச்சிருங்க, சேட்டா" என்று ஸ்பீக்கரில் குரல் வரும்.

சோதனை முடிவதற்கு முந்தின நாள் உள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது.

"சேட்டா, அங்கே மிளகு சிந்திச்சா?"

"ஆமா சாரே, ஒரு சாக்கு கிழிஞ்சுபோச்சு. வாசம் வருதா?"

"வருது. வரக்கூடாது."

எங்கேயோ ஓட்டை என்று எனக்கும் புரிந்தது. "ஒரு நாள்தானே, மூக்கைப் பொத்திக்குங்க. நான் யார்கிட்டேயும் பறைய மாட்டேன்."

அவர் சிரித்தார். "மேலே போனா வாசம் உள்ளே வராது, சேட்டா. இருக்கிறவனோட மூச்சுதான் வெளியே போகும்."

ஆர்டர் போய்விடும் என்று தெரிந்தே கதவைத் திறந்துகொண்டு வந்தவர், இரண்டு சாயா குடித்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். வானத்தில் வீடு கட்டும் செய்தி வந்தால், அங்கே தும்முவதற்கு அந்த மாதிரி ஆள் இருக்கிறாரா என்றுதான் யோசிக்கிறேன்.