தலைக்கவசத்தைக் கழற்றாமல் வந்தவர்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், சூரிச் நகரின் ஓர்லிகோன் பகுதியில் எங்கள் நகைக்கடையில் நடந்தது இது. கடை இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. முன்னால் கண்ணாடிப் பெட்டிகளோடு நான், பின்னால் சின்னப் பட்டறை அறையில் என் கணவர். தாலிக்கொடி, காப்பு, குழந்தைகளுக்குத் தோடு என்று நம் சனங்களை நம்பி நடக்கும் கடை.

அதற்கு முந்தைய வருடம் கடையில் கொள்ளை நடந்தது. மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் அணிந்த இரண்டு பேர் நுழைந்து, சுத்தியலால் கண்ணாடிப் பெட்டியை உடைத்து, கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். மறிக்கப் போன என் கணவருக்குத் தோளில் ஓர் அடி. நகைக்குக் காப்புறுதிப் பணம் கிடைத்தது, தோளும் ஆறிவிட்டது. ஆனால் அதன் பிறகு கடைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே அவருடைய கையில் இருப்பது கீழே விழுந்துவிடும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இஞ்சேரும், ஒரு துவக்கு வாங்குவமோ எண்டு யோசிக்கிறன்" என்றார்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்?" என்று கேட்டேன்.

"அதுதான் சொல்லுறன். இனி ஓட இடமில்லை."

அதற்கு மேல் நான் மறுக்கவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இங்கே துப்பாக்கி வாங்குவது தடை. எங்களுக்குச் சுவிஸ் குடியுரிமை கிடைத்திருந்தது. "பாஸ்போட் எடுத்தது இதுக்கோ?" என்று அவரைச் சீண்டினேன். வாங்குவதற்கு ஓர் அனுமதி, அதை உடைக்குள் மறைத்துக்கொண்டு நடமாடுவதற்கு வேறோர் அனுமதி. இரண்டாவது இலேசில் கிடைக்காது. உண்மையான ஆபத்து இருப்பதாகக் காட்ட வேண்டும், சட்டம் பற்றிய சோதனையிலும் சுடும் சோதனையிலும் சித்தியடைய வேண்டும். கொள்ளை நடந்த கடை என்பதால் எங்கள் காரணத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

பயிற்சிக்காக நிலத்தடிச் சுடுதளம் ஒன்றுக்குப் போனோம். பயிற்சியாளர் என் வயதை ஒத்த ஒரு சுவிஸ் பெண். என் கணவர் முதல் தோட்டாவைச் சுட்டார். அடுத்ததையும் சுட்டார். பிறகு பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பின்னாலே போய்ப் பார்த்தேன். நடைபாதையில் கிடந்த மரவாங்கில் உட்கார்ந்து, நடுங்கும் கைகளைத் தொடைகளுக்கு நடுவே அமுக்கி வைத்திருந்தார்.

"என்னால ஏலாது. நீர் பழகும்" என்றார்.

நான் திரும்பிப் போய் அவர் வைத்த பிஸ்டலை எடுத்தேன். தாலிக்கொடி கோத்துப் பழகின கை. தாளில் இருந்த வட்டத்தின் நடுவைச் சுற்றியே துளைகள் விழுந்தன. பயிற்சியாளர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில் இப்படியொரு திறமை எனக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்?

இரண்டு சோதனைகளிலும் நானே சித்தியடைந்தேன், அனுமதியும் என் பெயரில் வந்தது. பிஸ்டல் வாங்கப் போன கதை இன்னும் வேடிக்கை. நான் பெண்களுக்கு அட்டியல் எடுத்து வைப்பதுபோலவே, கடைக்காரர் ஒரு துணியை விரித்து வரிசையாக எடுத்து வைத்தார். மணப்பெண்ணிடம் நான் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் என்னிடம் முதலில் கேட்டார், என்ன உடையோடு போடப்போகிறீர்கள் என்று. எல்லாவற்றிலும் சின்னதாக இருந்த ஒன்றில் எனக்கு ஆசை. அவர் தலையை ஆட்டினார். சின்னது கையை அதிகமாக உதைக்கும், குறி பிசகும் என்று விளக்கி, கொஞ்சம் பெரிய, தட்டையான ஒன்றைத் தந்தார். விசையை முழுவதுமாக மூடும் உறையும், உறையின் பாரத்தைத் தாங்கக்கூடிய தடித்த பெல்ட்டும் அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

சேலைக்குள் பிஸ்டலை மறைக்க முடியாது. நீளக் காற்சட்டையும் தொளதொளத்த மேற்சட்டையும் என் உடையாகின. "ஏன் அக்கா இப்ப சீலை கட்டிறேல்லை?" என்று கேட்காத ஆளில்லை. நம் பெண்களோ இடுப்போடு சேர்த்து அணைத்துத்தான் கதைப்பார்கள். பிஸ்டல் வலப்பக்கம் இருந்ததால், அணைக்க வருகிறவர்களுக்கு இடப்பக்கத்தைக் கொடுக்கப் பழகிக்கொண்டேன்.

பயிற்சியாளர் அடிக்கடி சொன்னது இரண்டு விஷயம். திருடனுக்கு நகைதான் வேண்டுமென்றால் கொடுத்துவிடு, பிஸ்டல் உன் உயிருக்கு மட்டும். இன்னொன்று, பிஸ்டலை எடுப்பதற்கு முன் வாயைத் திற.

அந்த நாளுக்கு வருகிறேன். மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகல். கடையில் வேறு யாருமில்லை. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கறுப்புத் தலைக்கவசம், முகத்தை மூடிய கறுப்புக் கண்ணாடி. வலக்கை ஜாக்கெட்டுக்குள் இருந்தது.

என் உடம்பு நினைப்பதற்கு முன்னாலேயே வேலை செய்தது. பின்னால் நகர்ந்தேன். மேற்சட்டையின் ஓரத்தை உயர்த்தினேன். விரல்கள் பிஸ்டலின் பிடியில் பட்டன.

"அங்கேயே நில்லுங்கள். கையை வெளியில் காட்டுங்கள்" என்று டொச் என்னும் ஜெர்மன் மொழியில் உரத்துச் சொன்னேன்.

அவர் ஏதோ சொன்னார். தலைக்கவசத்துக்குள் அது வெறும் முனகலாகத்தான் கேட்டது. இன்னும் நெருங்கி வந்தார். கண்ணாடிப் பெட்டி மட்டும்தான் நடுவில். நான் மறுபடியும் கத்தினேன். அவர் நின்றார், ஆனால் கையை எடுக்கவில்லை. பிடியைச் சுற்றி என் விரல்கள் இறுகிவிட்டன.

அப்போதுதான் அவருடைய முழங்கையைக் கவனித்தேன். ஆயுதத்தைப் பிடித்திருப்பவன் கையை அப்படி வைத்திருக்க மாட்டான். பச்சைப் பிள்ளையை அணைத்துப் பிடிப்பதுபோல, முழங்கையைச் சற்று உயர்த்தி, எதிலும் முட்டாமல் காத்துக்கொண்டிருந்தார். காற்சட்டை முழங்காலில் கிழிந்து, ஒரு பக்கம் முழுக்கச் சேறு.

"காயமா?" என்று கேட்டேன். ஒரே ஒரு சொல்தான்.

தலைக்கவசம் மேலும் கீழும் ஆடியது. அப்படியே தரையில் முழந்தாளிட்டு உட்கார்ந்தார். இடக்கையால் முகக் கண்ணாடியை மேலே தள்ளினார். முப்பது வயதுகூட இராத ஒரு முகம், கண்ணீரும் வியர்வையுமாக. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மெல்ல, மிக மெல்ல, வலக்கையை எடுத்தார். மோதிரவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. திருமண மோதிரம் சதைக்குள் புதைந்து, விளிம்பு மட்டும் தெரிந்தது. சுவிஸ்காரர்கள் திருமண மோதிரத்தை வலக்கையிலும் போடுவார்கள்.

"மோட்டார் சைக்கிளோடு ட்ராம் தண்டவாளத்தில் சறுக்கி விழுந்துவிட்டேன். அம்புலன்ஸ் வருகிறது. ஆனால் விரல் மரத்துப்போகிறது. உங்கள் கடை தெரிந்தது" என்றார்.

வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தை வெட்டி எடுக்க நகைக்காரர்களிடம் கருவி இருக்கும் என்று அவருக்கு எங்கேயோ தெரிந்திருக்கிறது.

என் சத்தம் கேட்டு என் கணவர் இரும்புக் கோல் ஒன்றோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். "கள்ளன் இல்லை. மோதிரம் வெட்ட வேணும். கெதியா வாங்கோ" என்றேன்.

அவர் கருவியை எடுக்கப் போன நேரத்தில் நான் உள்ளே ஓடி, பிஸ்டலைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். அந்நியர் ஒருவரைத் தொட்டுத் தாங்கும்போது அது இடுப்பில் இருக்கக் கூடாது. திரும்பி வந்து அந்த இளைஞரின் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

கருவியின் மெல்லிய நாக்கு மோதிரத்துக்கும் சதைக்கும் இடையே நுழைய வேண்டும். அதன் மேல் பல்லுள்ள ஒரு குட்டிச் சக்கரம், அதைக் கையால் சுழற்ற வேண்டும். நாக்கு நுழைந்தபோது அந்த மனிதர் தலைக்கவசத்தோடு என் தோளில் முட்டிச் சாய்ந்துகொண்டார். என் கணவர் சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கினார். நான் விரலைப் பார்க்காமல் என் கணவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி நடுக்கம்கூட இல்லை. "கொஞ்சம் பொறு தம்பி, இப்ப முடிஞ்சிடும்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே வெட்டினார். இளைஞருக்கு விளங்கியதோ என்னவோ, தலையை ஆட்டினார்.

மோதிரம் விட்டுக்கொடுத்தது. இரண்டு குறடுகளால் அதை விரித்துக் கழற்றினோம். விரலின் நிறம் என் கைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்புக்குத் திரும்பியது. அவர் மூச்சை விட்ட விதத்தைப் பார்த்து நாங்கள் மூவரும் சிரித்தோம். அம்புலன்ஸ் வந்து அவரைக் கூட்டிப் போனது.

வசந்தம் தொடங்கியபோது அவர் தன் மனைவியோடு வந்தார். விரல் பிழைத்துவிட்டது. மனைவி சுவிஸ்காரர்களின் ரொட்டியான பின்னல் பாண் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். வெட்டின மோதிரத்தை என் கணவர் சிறிது பொன் சேர்த்து ஒட்டிப் பெரிதாக்கி வைத்திருந்தார். தேத்தண்ணி குடிக்கும்போது, அன்று ஏன் அப்படிக் கத்தினீர்கள் என்று அந்த இளைஞர் கேட்டார். மறைக்க மனம் வரவில்லை. கொள்ளை பற்றிச் சொன்னேன். என் கை எங்கே இருந்தது என்பதையும் சொன்னேன்.

அவருடைய மனைவி கோப்பையை மேசையில் வைத்தார். இளைஞர் தன் விரலைப் பார்த்துக்கொண்டே, "நல்லவேளை, நீங்கள் என்னைக் கேட்டீர்கள்" என்றார்.

அனுமதியை நான் இன்றும் புதுப்பித்து வைத்திருக்கிறேன். நகையோடு வெளியே போகும் நாட்களில் பிஸ்டல் என்னோடுதான் வரும், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆயுதம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் ஒரு நொடி பொறுக்கும் துணிவு வந்ததா, அல்லது அதையும் மீறித்தான் பொறுத்தேனா என்று எனக்கு இதுவரை தெரியாது. ஆனால் என் ஆயுளில் நான் கேட்ட கேள்விகளில், அந்த ஒற்றைச் சொல் கேள்வியை நினைக்கும்போதுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.