மாமாவின் மின்சார வேலை

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மலைப்பக்கத்து அணை ஒன்றில் வேலை பார்த்தார். எப்போதாவது லீவு கிடைத்தால் பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். என்ன வேலை என்று அம்மா கேட்டால், "கரண்டு எடுக்கிற வேலை, அக்கா. நான் கை வைக்கலன்னா மெஷின் நின்னுடும்" என்பார். அம்மா அதை அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவைத்தாள். நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தேன். என் மனதில் மாமா தேய்த்த சட்டையோடு, சிவப்பும் பச்சையுமாய் விளக்கு எரியும் அறையில் உட்கார்ந்திருந்தார்.

சுங்கை பூலோவில் மாமாவுக்குப் பெண் பார்த்தோம். எல்லாம் பேசி முடித்த பிறகு, மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தைப் பார்த்துவிடலாமே என்றார் பெண்ணின் அப்பா. பெண் வீட்டார் விசாரிப்பது வழக்கம்தான். அம்மா பெருமை தாங்காமல், மாமாவிடம்கூடச் சொல்லாமல் வேன் பிடித்துவிட்டாள்.

நாங்கள் போய் இறங்கியபோது மாமா தண்ணீரில் ஒரு மிதவைமேல் நின்றிருந்தார். அரைக்கால் சட்டை, உடம்பெல்லாம் சேறு. அணைத் தண்ணீர் குழாய்க்குள் போகும் வாயை மறித்துப் பெரிய இரும்புக் கம்பிகள். அவற்றில் சிக்கிய கிளைகளையும் பிளாஸ்டிக் பைகளையும் நீளக் கொக்கியால் இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக வந்தது செத்த காட்டுப்பன்றி. பெண் வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதானா தம்பி மெஷின் வேலை?" என்றார் பெண்ணின் அப்பா.

மாமா கரையேறி வந்தார். "தண்ணி இந்தக் கம்பி வழியாத்தாங்க குழாய்க்குள்ள போவுது. மேலேர்ந்து கீழ பாயற வேகத்துல சக்கரம் சுத்தும். அதோட சேந்து மெஷின் சுத்துனாதான் கரண்டு. இங்க அடைச்சுக்கிட்டா எல்லாம் நின்னுடும்."

"அப்ப குப்ப அள்றேன்னு சொல்ல வேண்டியதுதானே லா!" என்றார் பெண்ணின் அப்பா.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா தலைகுனிந்து நின்றாள். மாமா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டன. வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்மா" என்றார் பெண்ணின் அப்பா. அதற்கு என்ன பொருள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும்.

மாமா வழியனுப்ப வரவில்லை. வேன் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். மறுபடியும் மிதவையில் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கொக்கியை வீசிக்கொண்டிருந்தார். கம்பிகளில் இழுக்க எதுவும் மிச்சமில்லை.

கொஞ்சமும் வெட்கமில்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.