மடியில் வைத்த பை

அமெரிக்கா வந்த புதிதில், அட்லாண்டா நகரப் பேருந்தில் ஒரு காரியம் செய்தேன். நல்ல கூட்டம். ஒரு கையில் கம்பி, மறுகையில் சாப்பாட்டு டப்பாவும் கைப்பையும். முன்னால் ஒரு கறுப்பினத்தவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் பையை வைத்துவிட்டு நிம்மதியாக நின்றேன். மனிதர் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிவிட்டார். "மேடம், ப்ளீஸ், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார், பேருந்துக்கே கேட்கும்படி. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பையில் பாம்பா இருக்கிறது?

கல்யாணத்துக்கு முன்பு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்திலிருந்து வேங்கிக்காலுக்கு தினமும் வேலைக்குப் போய்வந்தவள் நான். நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைப்பது அங்கே கேட்டுச் செய்கிற உதவியே அல்ல. "பைய குடுத்துட்டு உள்ள போங்கம்மா" என்று கண்டக்டரே அதட்டுவார். மூன்று பை, ஒரு தூக்குச்சட்டி, சில நாள் யாருடைய குழந்தையோகூட என் மடியில் வந்திருக்கிறது. இறங்கும்போது வாங்கிக்கொண்டு போவார்கள். நன்றிகூடச் சொல்லமாட்டார்கள்.

அடுத்த வாரம் எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறையில் அதே மனிதரைப் பார்த்தேன். கணக்குப் பிரிவில் வேலை. பெயர் டெரிக். நம்மூர் வழக்கத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார்: "பை என் மடியில் இருக்கும்போது நீங்கள் பதறி 'என் பை' என்று ஒரு சத்தம் போட்டால் போதும். அதற்கப்புறம் நான் சொல்வதை யார் கேட்பார்கள்?" ரொம்பத்தான் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடன் பல வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறவள் கேரல் என்ற வெள்ளைக்காரப் பெண். டெரிக்கின் மகள் பிறந்தநாளுக்குக் கேக் செய்து கொண்டுவருவாள், அவ்வளவு நெருக்கம். அந்தக் கோடையில் வெளியூர் போகும் முன், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியை அவரிடம் நீட்டினாள். டெரிக் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"என் வீட்டையே நம்பிக் கொடுக்கிறேன். நீ என்னை நம்பமாட்டாயா?"

"உன்னை நம்புகிறேன். நீ இல்லாத வீட்டின் கதவை நான் திறந்தால், உன் தெருவில் யாராவது போலீஸைக் கூப்பிடுவார்கள்."

"அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போகிறேன்."

"என்னவென்று? இவன் திருடனில்லை என்றா?"

கேரல் அழுதுவிட்டாள். அவள் மனதில் ஒரு களங்கமும் இல்லை, அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது. அவள் நம்பிக்கை பொய்த்தால் நாலு சாமான் போகும். அவர் நம்பிக்கை பொய்த்தால் உயிரே போகலாம். இரண்டுக்கும் நம்பிக்கை என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

சாவி என்னிடம் வந்தது. அந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள் நான். கதவைத் திறந்தபோது எதிர்வீட்டுக் கிழவி கையசைத்தாள். மறுநாள் டெரிக் கேட்டார்: "பின்பக்கப் பெரணிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா? அதற்குக் கொஞ்சம் ஜாஸ்தி வேண்டும்." கேரல் திரும்பி வந்தபின் இருவரும் அதே மேசையில்தான் சாப்பிட்டார்கள். கேக் மட்டும் அந்த வருடம் வரவில்லை.

அப்போதுதான் பழைய காட்சி ஒன்று நினைவுக்கு வந்தது. ரமணாசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த இரண்டு வெளிநாட்டுக்காரர்கள், ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர், ஒரு விடுமுறை நாளில் செங்கம் சாலையில் நாங்கள் போன பேருந்தில் ஏறினார்கள். வெள்ளையரின் மடியில் பைகள் குவிந்தன. "அவருகிட்ட குடுடி, பத்திரமா வெச்சிப்பாரு" என்றாள் என் தோழி சுந்தரி. நிற்க இடமில்லாத கூட்டம், ஆனால் கறுப்பருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அவர் வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பேருந்தில் எந்த மடியும் ஒன்றுதான் என்று டெரிக்கிடம் பெருமையடித்திருந்தேன். அதை அவரிடம் திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவேயில்லை.

சில வருடங்களில் அமெரிக்காவில் எங்கள் நிறத்தையும் உற்றுப் பார்க்கும் காலம் வந்தது. ஒருநாள் கடையில் ஒரு பெண் தன் பையை என் பக்கத்தில் மறந்துவிட்டுப் போனாள். ஓடிவந்து, என் முகத்தைப் பார்த்தபடியே பையைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

அதற்கடுத்த விடுமுறையில் திருவண்ணாமலை வந்து, வேங்கிக்காலிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் பேருந்தில் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இடுப்பில் குழந்தையோடு ஏறிய ஒரு பெண் கேட்காமல் கொள்ளாமல் பையை என் மடியில் வைத்தாள். என் இரண்டு கைகளும் தாமாகத் தோளுக்கு மேலே போய்விட்டன.

"இன்னாக்கா, பையில பாம்பா கீது?" என்று சிரித்தாள். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, வேங்கிக்கால் வரும்வரை, அந்தப் பையின் காதை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன்.