பெயர் போடாமல் அனுப்பிய படம்

சமாதானம் முறிந்து திரும்பவும் சண்டை தொடங்கின காலம் அது. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட நானும் என் கணவரும் ஒரு சின்ன ஸ்ரூடியோ வைத்திருந்தோம். படம் எடுப்பது அவர். கொம்பியூட்டர் வேலை முழுக்க என் பொறுப்பு.

சண்டை ஓய்ந்திருந்த நாட்களில் வெளிநாட்டுக்காரர் நிறையப் பேர் வந்துபோனார்கள். அதைப் பார்த்து, கடலும் தோணியும் மீன்காரருமாக அவர் எடுத்த படங்களை விற்க ஒரு இணையத்தளம் செய்தோம். விற்றதை விடக் களவு போனதுதான் கூட. எங்கள் படம் ஒன்றை ஆரோ வாழ்த்து அட்டையில் அச்சடித்து, எங்கள் தெருக் கடையிலேயே தொங்கவிட்டிருந்தார்கள்.

வந்த கோபத்தில் நானே தேடிப் படித்து, மவுசின் வலது பக்கத்தை அமத்தினால் ஒன்றும் வராதபடி செய்தேன். படங்களைச் சின்னதாக்கினேன். அதோடும் விடாமல் ஒவ்வொரு படத்துக்கும் குறுக்கே எங்கள் கடைப் பெயரைப் பெரிதாகப் போட்டேன். இனி எடுக்கட்டும் பார்ப்பம் என்றிருந்தேன்.

அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். எழுதினவ ஜெர்மனியில் இருக்கிறாவாம். ஊர்ப் படங்களைத் தேடும்போது எங்கள் தளத்தைக் கண்டாவாம். மீன் இறக்கும் இடத்தில் என் கணவர் அண்மையில் எடுத்த ஒரு படத்தை, பெயர் போடாமல், பெரிதாக அனுப்ப ஏலுமா என்று கேட்டிருந்தா. இது களவெடுப்பதற்குப் புது வழி என்று நினைத்து, ஏலாது என்று ஒரு வரியில் பதில் போட்டேன்.

அடுத்த நாளே திரும்ப எழுதினா.

"எனக்குத் தோணியும் வேண்டாம், மீனும் வேண்டாம். பின்னால ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு நிக்கிறவனைத்தான் பார்க்கவேணும். உங்கட கடைப் பெயர் அவன்ர முகத்துக்கு மேலால போகுது. என்ர தம்பி போல கிடக்கு. எப்ப எடுத்தனீங்கள்? அவன் இப்பவும் அங்க வாறவனோ?"

திரும்பவும் ஒருக்கால் வாசித்தேன். ஒருவன் எங்கே நிற்கிறான், எப்போது வருகிறான் என்று ஆரும் விசாரித்தால், பிறகு அவனையே காணக் கிடைக்காத காலம். அக்கா என்று ஆரும் எழுதலாம்தானே.

என் கணவர் வாசித்துவிட்டு எழும்பிப் போய்க் கடைக் கதவைச் சாத்தினார்.

"படத்தை உடன எடுத்துவிடும். பதில் ஒண்டும் போடாதையும்."

"உண்மையா அக்காவா இருந்தால்?"

"இல்லாட்டில்?"

படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் நிம்மதி வரவில்லை. கடைக்கு வந்த ஒருவர் கொம்பியூட்டர் பக்கம் இரண்டாம் தரம் பார்த்தாலே திரையை அணைத்தேன். அந்தப் பெட்டி தூக்குகிறவனிலும் சந்தேகம் வந்தது. ஒன்றுமில்லாதவனை ஏன் தேடுகிறார்கள்?

கடைசியில் கணவருக்கும் சொல்லாமல், மீன் வாங்குகிற சாட்டில் அந்த மீன் இறக்கும் இடத்துக்குப் போனேன். அவன் அங்கேதான் வேலை செய்துகொண்டிருந்தான். ஆட்கள் விலகும் வரை நின்று, மெதுவாகக் கேட்டேன்.

"தம்பி, உங்களுக்கு ஜெர்மனியில அக்கா ஆரும் இருக்கிறாவோ?"

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"எனக்கு ஒருத்தரும் இல்லை. உங்களை ஆர் அனுப்பினது?"

அந்தக் குரலில் நான்தான் பயந்துபோனேன். வாங்கின மீனையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சில நாள் போய், என்னை ஆரென்று விசாரித்து அறிந்துகொண்டு ஒரு மத்தியானம் அவன் கடைக்கு வந்தான். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவன் போலக் கதிரையில் இருந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்:

"அந்த ஆளிட்ட ஒண்டு கேளுங்கோ அக்கா. எங்கட கிணத்துக்குள்ள விழுந்தது என்னெண்டு."

அப்படியே எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. "ஐயாவின்ர பொய்ப்பல்லு. தண்ணி அள்ளேக்க தும்மினவர். தம்பிதான் இறங்கி எடுத்தவன். அதுக்குப் பிறகு அம்மா அவரைக் கிணத்தடியில கதைக்கவே விடேல்லை."

அவன் திரும்ப வந்தபோது வாசித்துக் காட்டினேன். சத்தம் போட்டுச் சிரித்தான். பிறகு தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டான். தங்கள் ஊரான இலங்கைத்துறையில் ஷெல் விழுந்து இங்கே ஓடிவந்தபோது அக்காவின் ரெலிபோன் இலக்கமும் தொலைந்துபோனதாம். தான் செத்துப்போனதாகத்தான் அவ நினைத்திருப்பா என்றான்.

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்ட என் கணவர் என்னை ஏசவில்லை. கமராவை எடுத்தார்.

"பழைய படம் வேண்டாம். அதில இடம் தெரியுது."

வெறும் நீலச் சீலைக்கு முன்னால் அவனை இருத்திப் புதிதாக ஒரு படம் எடுத்தார். எந்த ஊரில் எடுத்தது என்று ஒருவராலும் சொல்ல ஏலாத படம். குறுக்கே பெயர் போடாமல் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவனைத் துறைமுகப் பக்கம் காணவில்லை. அந்தக் கிணற்றுக் கதை வேறு ஆருக்கும் தெரிந்திருக்குமோ, நான்தான் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்று மாதக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தேன். ஒரு நாள், "தம்பி சுகம்" என்று மட்டும் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கே என்று அவ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் படங்களை இப்போதும் களவெடுக்கிறார்கள், எரிச்சல்தான். ஆனால் அந்தப் படத்தைக் களவு போகாமல் காக்க அவ்வளவு பாடுபட்ட நான், அதற்குள் நின்ற மனிதனிடம் உன்னை உலகத்துக்குக் காட்டட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது, ஒவ்வொரு படத்தையும் தளத்தில் ஏற்றும்போது இன்றுவரை என் கையைக் கொஞ்சம் தடுக்கிறது.