மிர்ரனை விற்ற மேசை

உங்கள் கண்ணெதிரே ஒருத்தி ‘வேண்டாம்’ என்று சொன்னபோது, நீங்கள் தேநீர்க் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுண்டா? இல்லை என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையில் வரும் நோயலும் அப்படித்தான் சொல்வான்.

மார்வெல் என்ற சுரங்க ஊரின் புல்வெளிப் பந்தாட்டக் கிளப்பில் சமையலறை என் பொறுப்பு. பின்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே, தட்டு நீட்டுவதற்கென்று ஒரு சன்னல் உண்டு. ஞாயிறு மதியம் அந்தப் பின்னறை மரீ ஸ்டப்பிங்ஸுடையது. அங்கே கதை ஆட்டம் நடக்கும். மரீ ஓர் உலகத்தைச் சொல்வாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடமாடுவார்கள். ஒரு காரியம் முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். அவ்வளவுதான் ஆட்டம். பெரியவர்கள் ஆடும் கூட்டாஞ்சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரீக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். அவளும் மின்நிலைய அலுவலகத்தில் தட்டச்சு செய்து பிழைத்தவள்தான். நிலையத்தை மூடியபோது கேக் வெட்டி, கைகுலுக்கி, வெளியே அனுப்பினார்கள். இப்போது பள்ளிக்கூட வாசலில் ‘நில்’ பலகையைத் தூக்கிப்பிடித்துக் குழந்தைகளைச் சாலை கடக்க வைக்கிறாள். மரம் ஏற்றிய லாரி அவள் ஒரு கையை உயர்த்தினால் நிற்கும். புருஷன் குயின்ஸ்லாந்துக்குப் போனவன் போனவன்தான். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, பேசும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்பாள்.

இந்த ஆட்டத்துக்கு அவள் வந்த விதத்தைக் கேட்டால் உங்களுக்கும் எரியும். அவளுக்குப் பதினாறு வயது இருக்கும்போது அண்ணனும் அவன் நண்பர்களும் வீட்டுக் கராஜில் ஆடுவார்கள். அவளுக்கு மேசையில் இடமில்லை. குளிர்பானம் எடுத்துவரலாம், ஓரமாக நின்று பார்க்கலாம். ‘பொண்ணுங்களுக்கு இது புரியாது’ என்றானாம் ஒருவன். ஆட்டத்தின் விதிப் புத்தகத்தைத் தானே வாங்கிப் படித்து, தானே மேசை போட்டு, கதை நடத்துபவளாக உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தன் மேசையில் யாரையும் ஓரமாக நிற்க விட்டதில்லை. அதாவது, அந்த ஞாயிறு வரைக்கும்.

ஒரு பலவீனம் உண்டு அவளுக்கு. முன்பு ஒரு மேசையில் ஒருவனை அதட்டப்போய், எல்லாரும் ஒவ்வொருவராகக் கழன்று, ஒரு வருடம் முழுக்க ஞாயிறுகளில் தனியாக இருந்திருக்கிறாள். அந்தப் பயம் போகவே இல்லை. மேசையில் நாலு பேர் அமைதியானால் உடனே ஒரு பூதத்தை இறக்கிவிடுவாள். இல்லையென்றால், ‘சரி, பகடை சொல்லட்டும்’ என்பாள்.

அந்த நாலு பேரையும் சொல்லிவிடுகிறேன். கிரெய்க் பாட்டில், டயர்க் கடைக்காரன். குரல்தான் அவனுடைய பெரிய சொத்து. அவன் பாத்திரம் ஒரு வாள்வீரன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடுத்து நோயல், ஜூடி என்று ஒரு தம்பதி. வருவார்கள், சிப்ஸ் சாப்பிடுவார்கள், உருட்டச் சொன்னால் உருட்டுவார்கள். ‘நீங்க என்ன பண்றீங்க?’ என்று கேட்டால் நோயலின் பதில் ஒன்றே ஒன்றுதான்: ‘எனக்கு எதுன்னாலும் ஓகே.’

நாலாவது ஆள் டானி க்ரௌச். மருந்துக்கடையில் வேலை செய்யும் சின்னப் பெண். முதலில் வந்தபோது சட்டையோடு தைத்திருக்கும் தொப்பியைத் தலையிலிருந்து இறக்கவே மாட்டாள், வாயும் திறக்க மாட்டாள். மரீ அவளை நெருக்கவில்லை. ‘நீ என்ன செய்யறே?’ என்று கேட்காமல், ‘உன் ஆளுக்கு அங்கேருந்து என்ன தெரியுது?’ என்று மட்டும் கேட்பாள். ஆற்றங்கரை தெரியுது, ரெண்டு பாதை தெரியுது என்று டானி சொல்ல ஆரம்பித்தாள். பிறகு அதையெல்லாம் வண்ணப் பென்சிலால் வரைந்துகொண்டு வர ஆரம்பித்தாள். அவளுடைய பாத்திரம் மிர்ரன், வரைபடக்காரி. மரீயே மறந்துபோன தீவுகள் டானியின் தாளில் இருந்தன. அடக்கமாக இருப்பது வேறு, கையாலாகாமல் இருப்பது வேறு. டானி பேச மாட்டாள், ஆனால் அந்த மேசையிலேயே முழுதாக இருந்தவள் அவள்தான்.

அந்த ஞாயிறு அவர்களுக்குக் கடல் கடக்க ஒரு கப்பல் வேண்டியிருந்தது. கப்பல்காரன் கூலி கேட்டான். கிரெய்க் இறைச்சி அடைத்த பணியாரத்தை மென்றபடியே சொன்னான்:

“கூலியா? இந்தா, வரைபடக்காரிய வச்சுக்கோ. துடுப்பு போடுவா. கொஞ்சம் ஒல்லி, அடிச்சா சரியாயிடும்.”

சிரித்தான். நோயலும் சிரித்தான், கிரெய்க் சிரித்ததால்.

“வேணாம். எனக்கு இது பிடிக்கல,” என்றாள் டானி.

“அட, விளையாட்டுதானேம்மா! ஏன் மூஞ்சிய தூக்கிக்கிறே?”

“மிர்ரன் என்னோட ஆளு. அவள நீ விக்க முடியாது.”

“நீதான் வாயே திறக்கிறதில்லையே. யாராவது ஒருத்தன் முடிவெடுக்கணும்ல?”

மரீ மற்ற இருவரையும் பார்த்தாள். “நோயல், ஜூடி, நீங்க என்ன சொல்றீங்க?”

“எனக்கு எதுன்னாலும் ஓகே,” என்றான் நோயல். ஜூடி கோப்பையை வாயிலிருந்து எடுக்கவில்லை. அதில் தேநீர் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

லாரியை நிறுத்துகிற அந்தக் கை அன்றைக்கு உயரவில்லை. “சரி, பகடை சொல்லட்டும்,” என்றாள் மரீ.

பத்தைத் தாண்டினால் மிர்ரன் தப்புவாள். பகடை நாலு என்றது. மிர்ரன் விற்கப்பட்டாள்.

ஒரு பெண்ணைப் பகடையில் வைத்து இழந்த கதையைக் கூத்துத் திடலில் விடிய விடியப் பார்த்து வளர்ந்த கூட்டம் நாம். அந்தச் சபையில் பெரியவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று நமக்குச் சொல்லப்பட்டது. தலைகுனிந்து உட்கார்ந்த பிறகும் அவர்களைப் பெரியவர்கள் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். பகடை என்ன சொல்லும்? அது ஒரு பிளாஸ்டிக் துண்டு. தலையெழுத்து, கிரகம், நேரம் என்று நம்மூரில் எதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறோமோ, அதே வேலைக்குத்தான் அங்கே அந்தத் துண்டு. முடிவெடுக்க முதுகெலும்பில்லாதவன் உருட்டுவான், பிறகு விழுந்த எண்ணைக் காட்டுவான்.

டானி கத்தவில்லை. தன் கோப்பையை என் சன்னலுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். “தேங்க்ஸ், டீ நல்லா இருந்துச்சு,” என்றாள். தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வரைபடங்கள் மேசையிலேயே கிடந்தன. மறுநாள் மரீக்கு ஒரு செய்தி வந்தது: ‘நான் இனிமே வரல. எல்லாத்துக்கும் நன்றி.’

இந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஆட்டத்தை விட்டுப் போனால், அடுத்த வாரம் அவருடைய பாத்திரத்துக்காக ஒரு முறை உருட்டுவார்கள். அதற்குப் பெயர் வழியனுப்பு உருட்டல். பத்துக்கு மேல் விழுந்தால் பாத்திரம் பிழைத்து எங்கோ போய்விடும். குறைவாக விழுந்தால் சாவு. எப்படியானாலும் அதன் உடைமைகள் மிச்சம் இருப்பவர்களுக்கு. விட்டுப்போனவனைக் கேட்பதில்லை. ஆள் போய்விட்டான், பிறகென்ன கேள்வி? ஊர்விட்டுப் போனவன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போவதுபோல ஒரு வழக்கம்.

அடுத்த ஞாயிறு கிரெய்க் வந்து உட்காரும்போதே உள்ளங்கையில் பகடையைக் குலுக்கிக்கொண்டிருந்தான். டானியின் வரைபடங்கள் அவன் கோப்புக்குள் இருந்தன.

“வாங்க, வாங்க. மிர்ரனுக்குக் காரியம் பண்ணிடலாம்.”

அவன் உருட்டப்போகும்போது மரீயின் கை பகடை மேல் விழுந்தது.

“இன்னிக்கு உருட்டல் கிடையாது.”

“என்னது? நீயே வச்ச வழக்கம்தானே?”

“ஆமா, நானே வச்சேன். போன வாரம் அந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னா. மேசைய நடத்தினது நான். நிறுத்தியிருக்கணும், நிறுத்தல. அதுக்குப் பகடைய சாக்கு சொன்னேன். இன்னிக்கு அது வேணாம்.”

“இப்ப என்ன, எனக்குப் பாடமா? ஏற்கெனவே ஒருத்தி போயாச்சு. இப்படியே பண்ணினே, ஞாயித்துக்கிழமை சுவத்தோடதான் விளையாடணும்.”

அவளுடைய பயம் அவனுக்குத் தெரியும். சரியாக அங்கேதான் குத்தினான். மரீயின் முகம் ஒரு கணம் வெளுத்ததைப் பார்த்தேன். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். பள்ளிச் சாலையில் நட்டுவைக்கும் எச்சரிக்கைக் கொடிகளைப் பூட்டிவைக்கும் பெட்டியின் சாவி.

“கப்பல் பாறையில மோதிடுச்சு,” என்று கதையைத் தொடங்கினாள். “கீழ்த்தட்டுல தண்ணி ஏறுது. மிர்ரன் துடுப்போட சங்கிலியில கட்டிக் கிடக்கா. கப்பல்காரன் ஓடுறப்போ போட்டுட்டுப் போன சாவி இது. நோயல், உன் ஆளு காலடியில கிடக்கு. என்ன பண்றே?”

“எனக்கு எதுன்னாலும்…”

“அது பதில் இல்ல. தண்ணி அவ இடுப்புக்கு வந்துடுச்சு.”

“நான் எடுத்துக்கறேன்,” என்று கை நீட்டினான் கிரெய்க்.

“உன்னைக் கேக்கல. உன் முடிவ போன வாரமே சொல்லிட்டே.”

வெளியே யாரோ புல் வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வழக்கமாக இந்த இடத்தில்தான் மரீ ஒரு பூதத்தை இறக்கிவிடுவாள். அன்றைக்கு இறக்கவில்லை. கைகட்டிக்கொண்டு காத்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில், கடைசிக் குழந்தை கடக்கும் வரை லாரிக்காரனைப் பார்த்து நிற்பாளே, அந்த நிற்பு.

நோயல் தொண்டையைச் செருமினான். “உருட்டிப் பாக்கட்டுமா?”

“எதுக்கு? நீ மனுஷனான்னு தெரிஞ்சுக்கவா?”

நோயலின் காது சிவந்தது. சிப்ஸ் கிண்ணத்துக்குள் கைவிட்டான். அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு வந்த அருவருப்பு, கிரெய்க்கின் வாயைப் பார்த்துக்கூட வந்ததில்லை. கெட்டவனுக்காவது தான் செய்வது இன்னதென்று தெரியும்.

“கழுத்துக்கு வந்துடுச்சு,” என்றாள் மரீ.

அப்போது ஜூடி எழுந்தாள். உட்கார்ந்துகொண்டே எடுத்திருக்கலாம், ஆனால் எழுந்துதான் சாவியை எடுத்தாள். “நான் திறக்கிறேன். என் ஆளு கீழ இறங்கித் திறந்துவிடறா.”

“ஏய், பைத்தியமா உனக்கு?” என்றான் கிரெய்க். “அவதான் இங்கே இல்லியே! விட்டுட்டுப் போயிட்டா. யாருக்குத் திறக்கிறே?”

“இல்லங்கிறது எனக்கும் தெரியும் கிரெய்க். ஒரு வாரமா அதான் உறுத்துது.”

“சங்கிலி கழண்டுடுச்சு,” என்றாள் மரீ. “மிர்ரன் தண்ணிக்கு மேல வரா. படகு ஒண்ணு இருக்கு. ஏறுறதுக்கு முன்னாடி திரும்பிப் பாத்து, ‘என் வரைபடம் எங்கே?’ன்னு கேக்கறா.”

எல்லாரும் கிரெய்க்கின் கோப்பு இருந்த பக்கம் பார்த்தார்கள். நோயல்கூடப் பார்த்தான்.

“இது குழுவோட சொத்து.”

“அது டானி வரைஞ்சது. குடு.”

“குடுக்கலன்னா?”

“குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, உனக்கு இங்கே இனிமே இடமில்ல. குடுத்துட்டுப் போனா கொஞ்சம் மரியாதையாப் போகலாம்.”

“என்னை வெளிய அனுப்பினா உங்கிட்ட ரெண்டு பேர்தான். அதுல ஒண்ணு பேசாது.”

“ரெண்டே பேரோட ஆடறேன். இல்லாட்டி ஆடாமலே இருக்கேன்.”

கிரெய்க் வரைபடங்களை மேசையில் எறிந்துவிட்டு, மிச்சமிருந்த பணியாரம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனான். போகும்போது கதவை அறைந்து சாத்தப் பார்த்தான். அந்தக் கதவு மெதுவாகத்தான் மூடும்.

வரைபடங்களை மருந்துக்கடைக்குக் கொண்டுபோனவள் ஜூடி. பிறகு என் சன்னலில் நின்று அவளே சொன்னாள். கவுன்டரில் ஆட்கள் நின்றிருந்தார்களாம். டானி தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “மிர்ரன் செத்துட்டாளா?” என்று கேட்டாள்.

“இல்ல. படகுல போயிட்டா. உனக்கு எப்படி வேணுமோ அப்படி வச்சுக்கச் சொன்னா மரீ.”

“யாரு திறந்துவிட்டது?”

“நான்தான்.”

“அவள வித்த அன்னிக்கு எங்கே இருந்தே?”

டானி தாள்களைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்து நின்ற ஆளின் மருந்துச்சீட்டுக்குக் கை நீட்டினாள். அவள் திரும்பி வரவில்லை. வந்தாள் என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் நடக்கவில்லை. தாமதமாகத் திறந்த பூட்டுக்கு நன்றி சொல்ல அவள் யாருக்கும் கடன்படவில்லை.

கொஞ்ச காலம் பின்னறை பூட்டியே கிடந்தது. இப்போது மறுபடி மேசை போட்டிருக்கிறாள் மரீ. ஜூடி இருக்கிறாள், புதிதாக இரண்டு பேர். யாராவது விட்டுப் போனால், ‘உன் ஆளை என்ன செய்யட்டும்?’ என்று அவர்களையே கேட்கிறாள். மேசையில் அமைதி வந்தால் காத்திருக்கிறாள். கூச்சப்படுகிறவர்களிடம் இன்னமும் ‘அங்கேருந்து என்ன தெரியுது?’ என்றுதான் கேட்கிறாள். நோயல் ஜூடியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆட்டம் முடியும் வரை காரில் உட்கார்ந்து ரேடியோவில் கால்பந்து கேட்கிறான். எந்த அணி ஜெயிக்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். எதுன்னாலும் ஓகே என்றான்.

உங்களுக்கும் ஒரு மேசை இருக்கும்: அலுவலகத்தில், சங்கத்தில், சாப்பாட்டு வேளையில் வீட்டில். அங்கே அடுத்த முறை ஒருத்தி ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது கோப்பையைக் கீழே வையுங்கள். எதையும் உருட்டாதீர்கள், யார் முகத்தையும் பார்க்காதீர்கள். அவள் கதவைத் தாண்டுவதற்குள், ‘அவள் வேண்டாம் என்றாள், எனக்குக் கேட்டது’ என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.