சுபைதா அக்காட வயர் வேலை

ஸஜ்ஜாத்தை நினைச்சாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். கலியாண வீடியோ எடிட் பண்றவன். கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட சுபைதா அக்காட கொம்பியூட்டர் திருத்துற கடை. நான் தனஞ்சயன், ஏழு வருசமா அங்கதான் வேலை.

புருசனுக்கு இடுப்பு முறிஞ்சு கடலுக்குப் போக ஏலாமல் போனதில இருந்து அக்காட வீடே அவட கையிலதான். கொம்பியூட்டருக்குள்ள பவர் சப்ளை வயர் நீளம் காணாமல் கிடந்தா வெட்டி, நீட்டி, ஈயம் பிடிச்சு, மேல கறுப்புப் பின்னல் உறை ஏத்திக் குடுப்பா. இந்தப் பிரச்சினை நடந்த கிழமை ஒரு பள்ளிக்கூடத்து இருபது கொம்பியூட்டரும் அவட கைக்கு வாறதா இருந்தது. ஒரு வருசத்துச் சோறு அது.

அண்டு ஸஜ்ஜாத் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். முதல்நாள் நாங்கள் வயர் நீட்டிக் குடுத்தது. போட்ட உடன புகை. ஹார்ட் டிஸ்க் எரிஞ்சு, அதில இருந்த கலியாணம் முழுக்கப் போச்சாம். வாசலில நிண்டு கத்தினான்: "பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை? போய்ச் சோறாக்கு!" ரோட்டில போன சனமெல்லாம் கூடிட்டுது.

"வாயை அளந்து கதையும்!" எண்டு நான் பாய்ஞ்சன். "உறையை வெட்டிக் காட்டுங்கோ அக்கா. உவர் வீட்டில நோண்டியிருப்பார்."

அக்கா பிளேட்டால உறையைக் கிழிச்சா. மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் மாறி ஒட்டிக் கிடந்தது. ஐஞ்சு வோல்ட் போற இடத்துக்குப் பன்னிரண்டு போயிருக்கு. அதோட ஒட்டெல்லாம் ஒரே இடத்தில. உறை புடைக்காமல் இருக்க அக்கா ஒவ்வொரு வயரையும் ஒவ்வொரு இடத்திலதான் ஒட்டுவா. ஒரே இடத்தில ஒட்டுற சோம்பேறி நான் ஒருத்தன்தான். வீட்டை போற அவசரத்தில, மீற்றர் வச்சுப் பாராமல் உறை ஏத்தினதும் நான்தான்.

அக்கா என்னை ஒருக்கால் பார்த்தா. பிறகு ஸஜ்ஜாத்திட்ட, "பிழை என்ட கடையிலதான். புது டிஸ்க் போட்டுத் தாறன்," எண்டா.

அவன் போனாப் பிறகு, "ஏன் அக்கா என்னைச் சொல்லேல்ல?" எண்டு கேட்டன்.

"உனக்கு வாய் இருந்ததுதானே தனஞ்சயன்? ஊருக்கே கேக்கக் கத்தினாய். பிறகு அது எங்க போனது?" அவவுக்குக் கண்ணெல்லாம் சிவந்து போயிருந்தது.

சீ! என்னைச் செருப்பால அடிக்கோணும். பள்ளிக்கூடத்து வேலை வேறொரு கடைக்குப் போயிட்டுது. பொம்பிளை செய்த வேலை எண்டு ஸஜ்ஜாத் இண்டைக்கும் சொல்லித் திரியிறான். அவனை மறிச்சு, "அது ஆம்பிளை செய்த வேலையடா, நான் செய்தது," எண்டு சொல்ல ரெண்டு நிமிசம் போதும். நாலு மாசமாகுது. நான் இன்னும் சொல்லேல்ல.