மேடைப் பக்கம் திரும்பியிருந்த டிவி

தாளாளர் ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள். வேன் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்று மைக்கைப் பிடித்து ஊரே கேட்கச் சொன்னீர்கள். அவருக்குப் படிக்கத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னீர்கள்.

இதை எழுதும்போது என் மேசைமேல் ஓர் எச்.டி.எம்.ஐ. கேபிள் கிடக்கிறது. லேப்டாப்பில் ஓடுவதை டிவியில் காட்டுவதற்குச் சொருகுகிற சாதாரணக் கறுப்பு ஒயர். அதன் ஒரு முனைக்குப் பக்கத்தில், சிறு பெண்கள் சடையில் போடுகிற துணி சுற்றிய ரப்பர் பேண்டு இரண்டு சுற்றாக இறுகிக் கிடக்கிறது. அன்று நல்ல சிவப்பு. இப்போது செங்கல் தூள் நிறம். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த தனியார் பள்ளியை விட்டு வரும்போது, என் சொந்தக் கேபிள் என்பதால் எடுத்து வந்தேன். எட்டு வருடம் ஆகிறது. ரப்பர் பேண்டைக் கழற்ற மனம் வரவில்லை என்று அழகாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் ஆறிவிடக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறேன்.

அந்தப் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மார்க் ஷீட் அடிப்பது, ஐடி கார்டு அடிப்பது, வகுப்பில் டிவி ஓடவில்லை என்றால் ஓடிப்போய்ப் பார்ப்பது எல்லாம் என் தலையில். வேன் அக்கா என்று நான் சொல்கிறவர், பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவர். அரசுப் பள்ளியில் தமிழில் பத்தாவது வரை படித்தவர். வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை, ஒரே தெருவில் மூன்று மொழி கேட்கும். எந்த வீட்டுப் பிள்ளையோ அந்த வீட்டு மொழியில் அதட்டுவார். மணிக்கட்டில் எப்போதும் ஏழெட்டு ரப்பர் பேண்டு இருக்கும். அவிழ்ந்த சடையோடு ஏறுகிற பிள்ளை, பள்ளி வாசலில் இறங்கும்போது இறுக்கிப் பின்னிய சடையோடு இறங்கும்.

பாலக்கோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த நான் காலையும் மாலையும் அதே வேனில்தான் போய் வருவேன். அதனால் இது கேள்விப்பட்ட சங்கதி இல்லை, கண்ணால் பார்த்தது. காலையில் அந்த அக்கா கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பார். வேன் குலுங்கும், வரி தப்பும், அவர் குரல் தப்பாது. நரிக்கு ஒரு குரல், ராஜாவுக்கு ஒரு குரல். மாலையில் பாட்டு. எந்தப் பாட்டானாலும் பல்லவியும் முதல் சரணமும்தான். மிச்சம் எங்கே என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டாஞ் சரணத்துக்குள்ள ஸ்டாப்பிங் வந்துடுதும்மா, நான் என்ன பண்றது?" என்றார். வேனே சிரித்தது.

அந்த வாசிப்பைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, பெற்றோர் பள்ளியில் வந்து சொல்ல, விஷயம் தாளாளர் காதுக்குப் போனது. அடுத்த வருடத்திலிருந்து எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் உதவியாளராக அக்காவைப் போடலாம் என்று அவரே ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார். அக்காவின் மகள் அதே பள்ளியில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் எங்கம்மாவும் மிஸ்தான் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அக்கா அதைத் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம் என்று பிறகு ஒருமுறை சொன்னார்.

நடுவில் ஒரு பெற்றோர் கூட்டம் வந்தது. வேனில் பிள்ளைகள் நின்றுகொண்டு வருகிறார்களாமே என்று ஒரு தகப்பன் எழுந்து கேட்டார். அப்படியெல்லாம் இல்லை என்று தாளாளர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஓரமாக நின்ற அக்காவைப் பார்த்து அந்த மனிதர் மறுபடி கேட்டார். அக்கா, "ஆமாங்க, நின்னுக்கிட்டுத்தான் வராங்க. கேட்டா உண்மையத்தான சொல்லணும்ங்க" என்றார். தாளாளர் கோபப்படவில்லை. கவனிக்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். அக்காவும் நம்பினார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஊழியர் நாள். பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். இந்த முறை கரோக்கே வைக்கலாம் என்றார் தாளாளர். குரல் இல்லாமல் இசை மட்டும் ஓடும், பாட்டு வரிகள் டிவியில் வரும், அதைப் பார்த்துப் பாட வேண்டும். ஏற்பாடு என் பொறுப்பு. நான் இணையத்தில் தேடினால், எல்லா வீடியோவிலும் தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருந்தார்கள். நமக்கெல்லாம் பழக்கம், செல்போனில் அப்படித்தானே அடிக்கிறோம். அக்காவுக்குப் பழக்கமில்லை. எழுத்து தெரியும், ஆனால் அவர் ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் பாட்டு இரண்டு வரி தாண்டிப் போய்விடும். திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "தமிழுக்குப் பேண்டு சட்ட போட்டு வுட்ட மாதிரி இருக்கும்மா. ஆளே அடையாளம் தெரியல" என்றார்.

நான் முழுப் பாட்டையும் தமிழில் அடித்தேன். ஸ்லைடுக்கு இரண்டு வரி, பெரிய எழுத்து. இசையை மட்டும் தனியாக ஓடவிட்டு, பாட்டுக்குத் தகுந்தாற்போல் நான் ஸ்லைடைத் தள்ளிக்கொண்டே போவதாக ஏற்பாடு. ஐந்து நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கம்ப்யூட்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி. இரண்டாவது சரணத்தை அந்த அக்கா வாழ்க்கையில் முதல்முறையாகப் பாடியது அந்த அறையில்தான். ஒரு சொல் தப்பாமல் என் ஸ்லைடைப் படித்துப் பாடினார். ஒரு ஸ்லைடில் நான் துணைக்கால் விட்டிருந்ததைக்கூட அவர்தான் கண்டுபிடித்தார். படிக்கத் தெரியாதவர்.

விழா மூன்று மணிக்கு. பள்ளி முற்றத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், சிமெண்ட் மேடை. வகுப்பிலிருந்து டிவியைத் தூக்கி வந்து மேடைக்குக் கீழே இரண்டு பெஞ்சின் மேல் நிறுத்தினோம். பாடுகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதால் திரை மேடைப் பக்கம் திரும்பியிருந்தது. கூட்டத்துக்குத் தெரிந்தது டிவியின் முதுகுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கேபிளைச் சொருகினேன், சிக்னல் இல்லை என்று வந்தது. ரிமோட்டில் மாற்றி மாற்றி அமுக்கினேன். வந்தது, போனது. லேப்டாப்பில் சொருகுகிற முனை தளர்ந்து நழுவிக்கொண்டே இருந்தது. கையால் பிடித்துக்கொண்டே எத்தனை பாட்டுக்கு உட்கார முடியும் என்று நான் எரிச்சலில் இருந்தபோது அக்கா வந்தார். மணிக்கட்டிலிருந்து சிவப்பு ரப்பர் பேண்டைக் கழற்றி, கேபிளையும் சார்ஜர் ஒயரையும் சேர்த்து இறுக்கிச் சுற்றினார். "எல்.கே.ஜி. புள்ள சடையே நிக்குது, ஒயரு நிக்காதா?" என்றார். நின்றது. அதற்குப் பிறகு ஒருமுறைகூட நழுவவில்லை.

நான்கு பேர் பாடினார்கள். ஐந்தாவதாக அக்காவைக் கூப்பிட்டார்கள். பச்சைப் புடவை கட்டியிருந்தார். மகள் முதல் வரிசையில். நான் என் ஸ்லைடைத் திறந்து வைத்துவிட்டேன். அப்போது மேடை ஓரச் சோபாவில் இருந்த தாளாளர் எழுந்து இறங்கி வந்தார். என் தோளுக்கு மேலே குனிந்து, மவுஸைத் தானே பிடித்து, ஸ்லைடை மூடினார். அதே பாட்டின் கரோக்கே வீடியோவைத் தேடி எடுத்தார். இங்கிலீஷ் எழுத்து ஓடுகிற வீடியோ. "இத போடும்மா, எழுத்து கலர் கலரா ஓடும், அழகா இருக்கும்" என்றார். மேலே போய் மறுபடி சோபாவில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் டிவி நன்றாகவே தெரியும்.

பல்லவி வந்தது. அக்கா அதை வேனில் பாடுவது போலவே பாடினார். கூட்டம் கை தட்டியது. முதல் சரணத்தின் நடுவில் அவர் கண் திரைக்குப் போனது. அதுதான் பிசகு. தெரிந்த வரியும் தடுமாறியது. இரண்டாவது சரணம் வந்தபோது அவர் பாடவே இல்லை. மைக்கை வாயிலிருந்து விலக்கி, என்னைப் பார்த்து, "என்னம்மா எழுத்து இது?" என்றார். எனக்கு மட்டும்தான் கேட்டது. இசை ஓடிக்கொண்டே இருந்தது. எழுத்துகள் வந்து, நிறம் மாறி, போய்க்கொண்டே இருந்தன. ஒரு பெண் மேடையில் திரையைப் பார்த்தபடி வாய் திறக்காமல் நிற்கிறார். கூட்டத்துக்குத் தெரிவது அவ்வளவுதான்.

தாளாளர் இன்னொரு மைக்கை எடுத்தார். "பாட்டு நல்லாத்தான் வருது, படிப்புதான் வரல. பரவால்ல, எல்.கே.ஜி.யில கதை சொல்லப் போறதுக்கு முன்னால, அக்காவ எல்.கே.ஜி.யில உக்கார வெச்சிடலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் ஓர் ஆசிரியை, அவங்க வூட்டுல தெலுங்குதானுங்க, தமிழ் எப்படி வரும் என்று பக்கத்தில் விளக்கம் சொன்னார். முதல் வரிசையில் அந்தப் பெண் குழந்தை சிரிக்கவில்லை. அது அம்மாவைப் பார்க்கவும் இல்லை. தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. கதை வாசிக்கும் வேலைக்கு வேறு ஒருவர் வந்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஊரே பார்த்துவிட்டதே, இனி என்ன கேட்பது? வேனில் அக்கா கதைப் புத்தகம் எடுப்பதை விட்டுவிட்டார். அக்காவுக்குத்தான் படிக்கத் தெரியாதே என்று ஓர் ஐந்து வயதுப் பிள்ளை சொன்னது, கேலியாகக்கூட இல்லை, தகவல்போல. வருடம் முடியும்போது மகளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டு ஓசூருக்குப் போய்விட்டார். போகும் முன் பேருந்து நிறுத்தத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவரே, "நீ பேசியிருந்தா உன் வேல போயிருக்கும். வுடு" என்றார். பாலக்கோட்டுக்குத் திரும்பி வந்து அழுதேன். அழுததால் யாருக்கு என்ன லாபம்?

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், போன வாரம் தாளாளர் பழைய ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டார். பள்ளியின் பெரிய ஆண்டு விழா வருகிறதாம், பழைய நினைவுகளாம். கூட்டத்திலிருந்து எடுத்தது. டிவியின் முதுகு தெரிகிறது, பச்சைப் புடவையில் அக்கா வாய் திறக்காமல் நிற்கிறார், சிரிப்புச் சத்தம் கேட்கிறது. மேலே 'மறக்க முடியாத சிரிப்பு' என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். நானும் பார்த்தேன். எட்டு வருடம் கழித்தும் அந்த மனிதருக்கு அது தித்திக்கிறது.

அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஓசூரில் ஒரு கேண்டீனில் இருக்கிறார். காலையில் கரும்பலகையில் அன்றைய பதார்த்தங்களை எழுதுவது அவர்தான். தமிழில் எழுதுவார், கீழே கன்னடத்திலும் எழுதுவார். கன்னட எழுத்தை அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டார். வீடியோவைப் பற்றி நான் வாயெடுப்பதற்குள் அவரே, "எம் புள்ள பாத்துட்டாம்மா" என்றார். மகள் இப்போது கல்லூரியில். யாரோ அனுப்பியிருக்கிறார்கள். உனக்கு நெஜமாவே அன்னிக்குப் படிக்கத் தெரியலையாம்மா என்று கேட்டாளாம். எட்டு வருடமாக அந்தப் பெண் இதைக் கேட்காமலே இருந்திருக்கிறாள். நான் இதையெல்லாம் எழுதி அச்சில் போடப் போகிறேன் என்றேன். "எழுதிக்க. எம் பேரு வேண்டாம். நீ பண்ணதையும் எழுது" என்றார்.

எழுதுகிறேன். விழாவுக்கு முதல் நாள் தாளாளர் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். எதற்கு இவ்வளவு மெனக்கெட்டுத் தமிழில் அடிக்கிறாய் என்று கேட்டார். அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்து ஓட்டமாக வராதுங்க சார், தமிழ் என்றால் தண்ணி பட்ட பாடு என்று பெருமையாகச் சொன்னவள் நான்தான். "ஓ, அப்படியா?" என்று கேட்டுக்கொண்டு போனார். அவர் கையில் கத்தியைக் கொடுத்தவள் நான். அடுத்த நாள் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டபோது என் ஸ்லைடு அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. இரண்டு முறை சொடுக்கினால் திறந்திருக்கும். அல்லது எழுந்து நின்று, டிவியில் ஓடுவது தமிழ் எழுத்தே இல்லை என்று ஒரு வரி கத்தியிருக்கலாம். நான் கேபிளைப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன். வேலைக்குப் பயந்தேன். என் தப்பை நான் என் பெயரைப் போட்டுச் சொல்லிவிட்டேன். இந்தக் கட்டுரையின் கீழே என் பெயர் இருக்கும்.

இனி உங்கள் முறை, தாளாளர் ஐயா. ஆண்டு விழாவுக்குப் பழைய ஊழியர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று அழைத்திருக்கிறீர்கள். நான் வருகிறேன். அக்கா வர மாட்டார், அவர் மகள் வருகிறாள். லேப்டாப்பையும் இந்தக் கேபிளையும் நானே கொண்டு வருகிறேன். சிவப்பு ரப்பர் பேண்டு இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, நழுவாது. அன்று நீங்கள் தேடி எடுத்த அதே வீடியோவைப் போடுகிறேன். இந்த முறை டிவியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வையுங்கள். பிறகு மைக்கை எடுத்து, அன்று சிரித்த அத்தனை பேருக்கும் முன்னால், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்: அவள் அம்மாவுக்கு முன்னால் அன்று நீங்கள் ஓடவிட்டது எந்த எழுத்து?